முள்ளில்லா பிளாக்பெரி: தோலோடு நிற்பதும் வேர்வரை செல்வதும்

பிளாக்பெரி ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த புதர்ச்செடி. ராஸ்பெரியும் அதுவும் ரூபஸ் என்ற ஒரே பேரினத்தில் அடங்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வேலியோரங்களில் தானாகவே மண்டிக் கிடக்கும் இந்தப் புதரில் கை கீறாமல் பழம் பறித்தவர்கள் குறைவு. அதனால் வீட்டுத் தோட்டத்துக்கென்று வாங்குபவர்கள் பெரும்பாலும் முள்ளில்லாத வகையைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். வாங்கிய செடியும் சில ஆண்டுகள் வழவழப்பான தண்டுகளோடு ஒழுங்காக வளரும். பிறகு ஒரு வசந்தத்தில், மண்வெட்டி பட்ட இடத்திலிருந்து உடம்பெல்லாம் முள்ளோடு ஒரு தண்டு கிளம்பி வரும். நாற்றுப்பண்ணைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே தோன்றும். பெரும்பாலும் அவர் ஏமாற்றியிருக்க மாட்டார். அதே தோட்டத்தில் இருக்கும் வேறொரு முள்ளில்லா வகை, வேரை எத்தனை முறை வெட்டினாலும் முள் தண்டு விடாது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம், முள்ளில்லாத தன்மை செடியின் எந்தத் திசுவரை இறங்கியிருக்கிறது என்பதுதான். எந்த வகையை வாங்குவது, எப்படிப் பதியம் போடுவது, எங்கே கொத்தக் கூடாது என்பதெல்லாம் இதைத் தெரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும்.

முதலில் முள். எலுமிச்சையின் முள் உருமாறிய கிளை. அதற்குள் நீரும் உணவும் செல்லும் குழாய்த் திசு ஓடுவதால், ஒடித்தால் கட்டையும் சேர்ந்து பிய்யும். சப்பாத்திக்கள்ளியின் முள் உருமாறிய இலை. ரோஜாவிலும் பிளாக்பெரியிலும் இருப்பது மூன்றாவது வகை. அது மேல்தோலிலிருந்து மட்டுமே எழுகிறது. அதைத் தோல்முள் என்று சொல்லலாம். முற்றிய பிளாக்பெரித் தண்டில் ஒரு முள்ளைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் டக்கென்று கழன்றுவிடும். அடியில் நீள்வட்டமான ஒரு தழும்பு தெரியும். தண்டுக்குள் காயம் எதுவும் இறங்கியிருக்காது.

இந்தத் தோல்முள் எப்படிப் பிறக்கிறது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். இளந்தளிரின் தோலில் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் நுனியில் உருண்டையான சுரப்பி இருக்கும். இந்தச் சுரப்பி மயிர்களில் சில வளர்ந்துகொண்டே போய், அடி அகன்று, நுனி பின்பக்கமாக வளைந்து, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் ஏறிக் கெட்டிப்பட்டால் அதுதான் முள். முள்ளில்லாத பிளாக்பெரியின் தளிரில் சுரப்பி மயிர்களே முளைப்பதில்லை. முள் தோன்றிப் பிறகு உதிர்ந்துவிடவில்லை. அதற்கு அடிபோடும் முதல் படியே அங்கே நடக்கவில்லை. தோலில் எழும் ஓர் உறுப்பு இல்லாமல் போவதற்குச் செடி முழுவதும் மாறியிருக்க வேண்டியதில்லை, தோல் மட்டும் மாறியிருந்தாலே போதும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எவர்கிரீன் என்ற பிளாக்பெரி வெகுகாலமாகப் பயிராகிவந்தது. வெட்டுப்பட்டது போன்ற இலை, வீரியமான கொடி, கொடுமையான முள். 1926-இல் அந்த வகையின் ஒரு செடியில் முள்ளே இல்லாத தண்டு ஒன்று தென்பட்டது. அதைப் பதியம் போட்டுப் பெருக்கியதில் வந்ததுதான் தார்ன்லெஸ் எவர்கிரீன். பழம் பழையதேதான், கையில் கீறல் இல்லை. ஓரிகன் விவசாயிகள் அதைப் பல பத்தாண்டுகள் வளர்த்தார்கள். ஆனால் அதற்கு ஒரு விசித்திரமான குணம் இருந்தது. தண்டின் நுனியைப் பதியம் போட்டால் முள்ளில்லாத செடி வரும். வேரிலிருந்து கிளம்பும் கன்று முள்ளோடு வரும். விதை போட்டால் அந்த நாற்றிலும் முள் இருக்கும்.

இதற்கு விடை வளர்நுனியில் இருக்கிறது. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும், கண்ணுக்குத் தெரியாத அளவில், இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள் மூன்று அடுக்காக அமைந்திருக்கின்றன. வெளியடுக்கின் செல்கள் பக்கவாட்டில்தான் பிரிகின்றன. அதனால் அவற்றின் வாரிசுகள் கடைசிவரை தோலாகவே இருக்கும். நடு அடுக்கின் வாரிசுகளிலிருந்து மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகின்றன. உள்ளடுக்கு தண்டின் உட்பகுதியைத் தருகிறது. தண்டிலிருந்து வேர் விடும்போது அதுவும் உள்ளிருந்துதான் புறப்படுகிறது. 1926-இல் நேர்ந்த திடீர் மாற்றம் வெளியடுக்கில் இருந்த ஒரு செல்லில் நேர்ந்து, அதன் வாரிசுகள் அந்த அடுக்கு முழுவதையும் பிடித்துக்கொண்டன. உள்ளே இருந்த இரண்டு அடுக்குகளும் பழைய முள்செடியாகவே நின்றன. ஒரு மெத்தைக்குப் புது உறை போட்டது போன்ற நிலை அது. மெத்தையோடு சேர்த்து எடுத்துப் போனால் உறையும் கூடவே வரும். உள்ளே இருக்கும் பஞ்சை மட்டும் எடுத்து வேறு மெத்தை தைத்தால் உறை வராது. நுனிப் பதியம் முதல் வகை. வேர்க்கன்றும் விதையும் இரண்டாம் வகை.

வெவ்வேறு மரபணு கொண்ட அடுக்குகள் ஒரே உடலாக வாழும் இத்தகைய செடியைத் தாவரவியலில் கைமேரா என்பார்கள். தமிழில் கலப்படுக்குச் செடி எனலாம். வேர்க்கன்றும் விதைநாற்றும் முள்ளோடு வந்ததை வைத்து இந்த முடிவு ஊகிக்கப்பட்டது. ஆனால் அதை நேரடியாகக் காட்டியது திசு வளர்ப்பு. இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் தார்ன்லெஸ் எவர்கிரீனின் தளிர்த் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் தனித்தனியே செடி எழும்படி செய்தார்கள். உள் திசுவிலிருந்து எழுந்தவை முள்ளோடு வளர்ந்தன. தோலடுக்கிலிருந்து எழுந்தவற்றில் முள்ளில்லாத தன்மை வேர்வரை இருந்தது. ஒரே செடியாக இதுவரை நின்றிருந்தவற்றைப் பிரித்து இரண்டு செடிகளாகக் கையில் கொடுத்த பிறகு வாதத்துக்கு இடமில்லை. அந்த வழியில் வந்த எவர்தார்ன்லெஸ் என்ற வகையின் வேரை வெட்டினாலும் முள் வராது. லோகன்பெரி என்ற கலப்பினத்திலும் இதே கதை நடந்தது. அதன் முள்ளில்லா வடிவமும் கலப்படுக்குதான். நியூசிலாந்தின் லிங்கனில் அதன் தோலடுக்கிலிருந்து 1980-களில் பிரித்தெடுக்கப்பட்ட லிங்கன் லோகன், பிற்பாடு ஓரிகனில் உருவான கொலம்பியா ஸ்டார் போன்ற வகைகளுக்கு முள்ளின்மையைக் கொடுத்தது.

இன்று வீட்டுத் தோட்டங்களில் இருக்கும் முள்ளில்லா பிளாக்பெரிகளில் பெரும்பாலானவை வேறொரு வழியில் வந்தவை. அந்த வழி இங்கிலாந்தில், லண்டனை ஒட்டிய மெர்ட்டனில் அப்போது இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் தொடங்குகிறது. எம். பி. கிரேன் என்பவர் அங்கே 1920-களில், இயற்கையிலேயே முள்ளில்லாத ஒரு காட்டு பிளாக்பெரியை முள்ளுள்ள மற்றொன்றோடு கலந்தார். முதலாவதில் 14 குரோமோசோம்கள், இரண்டாவதில் 28. பாலணுக்களில் எண்ணிக்கை பாதியாகும் என்பதால் சேர்க்கையில் 7-உம் 14-உம் கூடி 21 வர வேண்டும். அப்படி வந்த நாற்றுகள் மேற்கொண்டு பெருக்க லாயக்கில்லாதவை. ஆனால் ஒரு நாற்றில் 28 இருந்தன. முள்ளில்லாத பெற்றோரின் பாலணு ஒன்று பாதியாகக் குறையாமல் தன் 14-ஐயும் அப்படியே கொண்டுவந்திருந்தது. அந்த ஒரு தவறுதான் முள்ளின்மையைத் தோட்ட வகைகளின் குரோமோசோம் கணக்குக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நாற்றிலும் முள் இருந்தது என்பது வேறு விஷயம்.

இந்த முள்ளின்மை ஓர் ஒடுங்கு பண்பு. முள் வளர்க்கச் சொல்லும் மரபணுவின் ஒரு பிரதி நன்றாக இருந்தாலும் முள் வந்துவிடும். மனிதருக்கு எந்த மரபணுவும் பெரும்பாலும் இரண்டு பிரதி. 28 குரோமோசோம் கொண்ட பிளாக்பெரிக்கு நான்கு பிரதி. எனவே நான்கும் பழுதாக இருந்தால்தான் தண்டு வழவழப்பாகும். கிரேனின் நாற்றில் இரண்டு நல்ல பிரதி, இரண்டு பழுதுற்ற பிரதி. அது பாலணு உண்டாக்கும்போது நான்கிலிருந்து இரண்டு பிரதிகள் செல்கின்றன. நான்கிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழி உண்டு. அதில் ஒன்றில்தான் இரண்டும் பழுதுற்றவையாக இருக்கும். அதே செடியின் மகரந்தமும் சூல்முட்டையும் சேரும்போது இரண்டு பக்கமும் அந்த ஆறில் ஒன்று வாய்க்க வேண்டும். ஆகவே 36 நாற்றுக்கு ஒன்று என்ற கணக்கு. இரண்டு பிரதி மட்டும் உள்ள செடியாக இருந்தால் நாலுக்கு ஒன்று கிடைத்திருக்கும். பழத்தின் அளவு, சுவை, குளிர் தாங்கும் திறன் என்று இன்னும் மூன்று நான்கு குணங்களையும் அதே நாற்றில் எதிர்பார்த்தால் எத்தனை ஆயிரம் நாற்றுகள் வளர்க்க வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். கிரேனின் நாற்றுகளிலிருந்து வந்த மெர்ட்டன் தார்ன்லெஸ் தானே பெரிய தோட்ட வகையாகிவிடவில்லை. பிற வகைகளுக்குத் தாயாக அமைந்ததில்தான் அதன் முக்கியத்துவம்.

இங்கே ஒரு சிறு விஷயம் பயிர்ப்பெருக்கத்தாரின் கூலியைப் பெருமளவு மிச்சப்படுத்தியது. நாற்றில் முள் இருக்குமா இல்லையா என்று தெரிந்துகொள்ள தண்டு வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முள் வரப்போகும் நாற்றின் வித்திலைகளிலேயே, அதாவது முளைத்தவுடன் விரியும் அந்த இரண்டு குட்டி இலைகளின் ஓரத்திலேயே, சுரப்பி மயிர்கள் நின்றுகொண்டிருக்கும். மெர்ட்டன் வழி முள்ளில்லா நாற்றில் அந்த ஓரம் மொட்டையாக இருக்கும். தட்டில் முளைத்த நாற்றுகளை ஒரு கைலென்ஸ் வைத்துப் பார்த்து, மயிருள்ளவற்றை அப்போதே பிடுங்கிப் போட்டுவிடலாம். முள்ளும் சுரப்பி மயிரும் ஒரே பாதையில் பிறப்பவை என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் மேரிலாந்து மாநில பெல்ட்ஸ்வில் நிலையம் மெர்ட்டன் தார்ன்லெஸை அமெரிக்க வகைகளோடு கலந்து, 1966-இல் தார்ன்ஃப்ரீ, ஸ்மூத்ஸ்டெம் என்ற இரண்டை வெளியிட்டது. பின்னால் பிளாக் சாட்டின், ஹல், 1985-இல் செஸ்டர், 1996-இல் டிரிப்பிள் கிரவுன் ஆகியவை வந்தன. இவையெல்லாம் வளைந்து தொங்கும் நீண்ட தண்டு கொண்டவை, தாமதமாகப் பழுப்பவை, முந்தியவற்றில் புளிப்பும் தூக்கல். ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மூர் 1964-இல் தொடங்கிய திட்டம் நேராக நிற்கும் தண்டோடு முள்ளின்மையையும் சேர்க்க முயன்றது. 1989-இல் வெளியான நவஹோதான் நிமிர்ந்து நிற்கும் முதல் முள்ளில்லா வகை. திட்டம் தொடங்கி 25 ஆண்டு. 36-க்கு ஒன்று என்ற கணக்கைப் பார்த்த பிறகு இது அவ்வளவு நீண்ட காலமாகத் தோன்றாது. அடுத்தடுத்து அரபஹோ, அப்பாச்சி, வாஷிட்டா, நாச்செஸ் என்று அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயர்களைத் தாங்கிய வகைகள் அங்கிருந்து வந்தன. மெர்ட்டன் முள்ளின்மைக்குக் காரணமான இடம் நான்காம் குரோமோசோமில் இருப்பதைப் பின்னர் மரபணு வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள்.

தோல்முள் பிளாக்பெரிக்கு மட்டும் உரியதல்ல. இலவம்பாடி முள் கத்தரிக்காயின் காம்பில் குத்துவதும் அதே வகைதான். 2024-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, கத்தரிக் குடும்பத்தில் பலமுறை தனித்தனியாக முள் மறைந்ததற்கு, சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் செயல்படச் செய்யும் ஒரே மரபணுக் குடும்பம் பழுதானதே காரணம் என்று காட்டியது. ரோஜாவில் அதே குடும்பத்து மரபணுவை அடக்கியபோது அங்கும் முள் குறைந்தது. கத்தரிக்கும் ரோஜாவுக்கும் உறவு மிகத் தூரம். அதே 2024-இல் அமெரிக்காவின் பேர்வைஸ் நிறுவனம், மரபணுத் திருத்தம் மூலம் முள்ளோடு விதையின் கடினமும் நீங்கிய பிளாக்பெரியை உருவாக்கியதாக அறிவித்தது.

தோட்டத்துக்கு இவற்றிலிருந்து என்ன கிடைக்கிறது? செடி வாங்கும்போது பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் முள்ளில்லா பிளாக்பெரி என்று விற்கப்படும் செடி எந்த வழியில் வந்தது என்று தெரியாது. செஸ்டர், டிரிப்பிள் கிரவுன், நவஹோ, வாஷிட்டா போன்ற மெர்ட்டன் வழி வகைகளில் எல்லாச் செல்லும் முள்ளற்றவை. நிமிர்ந்து நிற்கும் ரகங்கள் வேரிலிருந்து கன்று விட்டால் அவையும் வழவழப்பாகவே வரும். தோண்டி எடுத்து வேறிடத்தில் நடலாம். பென்சில் கனமுள்ள வேரைத் துண்டாக்கிப் புதைத்தும் செடி எடுக்கலாம். வளைந்து தொங்கும் ரகங்கள் வேர்க்கன்று அதிகம் விடுவதில்லை. அவற்றுக்கு நுனிப் பதியம்தான் வழி: கோடை முடிவில் அந்த ஆண்டுத் தண்டின் நுனியை வளைத்து ஒரு சாண் ஆழத்துக்குள் மண்ணில் புதைத்துவிட்டால், இலையுதிர் காலத்துக்குள் வேர் பிடித்துவிடும், வசந்தத்தில் தாய்த்தண்டை வெட்டிப் பிரிக்கலாம். புதைக்க ஏற்ற நேரத்தைத் தண்டே காட்டும். நுனி இலைகள் சிறுத்து, உச்சி எலிவால் போல் மெலிந்து நீளத் தொடங்கும்போது அது வேர் விடத் தயார். கலப்படுக்குச் செடிக்கு நுனிப் பதியமும் தண்டுப் பதியமும் மட்டுமே பொருந்தும். அதன் அடியில் மண்வெட்டி போடாமல், களையைக் கையால் பிடுங்கி, மரத்தூளோ வைக்கோலோ கொண்டு மூடாக்கு போடுவது நல்லது. வேரில் காயம் படும் இடத்தில்தான் புது மொட்டு எழுகிறது.

முள் தண்டு ஒன்று எட்டிப் பார்த்தால் உடனே வெட்டிவிடத் தோன்றும். அதற்கு முன் அடிமண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும். தாயின் வேரோடு அது கிடைமட்டமாக இணைந்திருந்தால் வேர்க்கன்று. செடி கலப்படுக்கு என்று பொருள். தனக்கென்று ஒரு சிறு வேர்த்தொகுதியோடு தனியாக நின்றால் அது விழுந்த பழத்திலிருந்தோ பறவை எச்சத்திலிருந்தோ முளைத்த நாற்று. செஸ்டர் தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டால் அதன் நாற்றும் முள்ளற்றதாகவே இருக்கும். பக்கத்து வேலியில் காட்டுப் புதர் இருந்து தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்திருந்தால் முள் வந்துவிடும். எந்த வகையானாலும் வேரோடு எடுத்துவிட வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் மறுபடி வரும். முள்செடி வேகமாக வளர்ந்து முள்ளில்லாததை நெருக்கியே கொன்றுவிடும்.

நடுவதில் பெரிய நுட்பம் இல்லை. நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வெயில், நீர் தேங்காத மண், 5.5 முதல் 6.5 வரை அமில நிலை போதும். தக்காளி, உருளை, கத்தரி, மிளகாய் இருந்த இடத்தைச் சில ஆண்டுகளுக்குத் தவிர்க்க வேண்டும். அவற்றை வாட வைக்கும் வெர்ட்டிசிலியம் பூஞ்சை மண்ணில் தங்கி பிளாக்பெரியையும் பிடிக்கும். நிமிர்ந்த ரகத்துக்கு மூன்றடி இடைவெளி, தொங்கும் ரகத்துக்கு ஐந்தாறு அடி. தன் மகரந்தமே போதும் என்பதால் ஒரே ஒரு செடி வைத்தாலும் காய்க்கும்.

கவாத்தில்தான் பலர் ஒரு வருட விளைச்சலை இழக்கிறார்கள். பிளாக்பெரியின் வேர் பல ஆண்டு வாழ்வது. தண்டின் ஆயுள் இரண்டே ஆண்டு. முதல் ஆண்டில் தண்டு நீண்டு இலை மட்டும் விடும். இரண்டாம் ஆண்டில் அதன் கணுக்களிலிருந்து குட்டைக் கிளைகள் எழுந்து பூத்துக் காய்க்கும். பழம் முடிந்ததும் தண்டு காய்ந்துவிடும். அதே நேரம் அடியிலிருந்து அடுத்த ஆண்டுக்கான புதுத் தண்டுகள் வந்துகொண்டிருக்கும். ஆகவே கோடையில் ஒரே புதரில் இரண்டு தலைமுறை நிற்கும். இரண்டும் பார்த்தவுடன் பிரித்தறியக் கூடியவை: முதலாண்டுத் தண்டு பச்சை, மெழுகு பூசியது போல் மழமழப்பு, இரண்டாமாண்டுத் தண்டு பழுப்பேறி, பட்டை தடித்து, பழைய பழக்கொத்தின் காம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அறுவடை முடிந்ததும் இரண்டாவதை மட்டும் தரையோடு வெட்டி அகற்ற வேண்டும். குளிர்காலத்துக்கு முன் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாத் தண்டையும் வெட்டினால் அடுத்த கோடையில் ஒரு பழமும் இருக்காது. மேலே எதுவும் தெரியாவிட்டாலும் வருங்காலப் பூ அப்போதே உள்ளே உருவாகத் தொடங்கியிருக்கும். இலையுதிர் காலத்தில் கணுமொட்டைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூவின் அடிப்படை அமைப்பைக் காணலாம். பகல் குறுகுவதும் குளிர் கூடுவதும் அதற்கான சைகைகள்.

முதலாண்டுத் தண்டுக்குச் செய்ய வேண்டியது நுனி கிள்ளுவது. நிமிர்ந்த ரகத் தண்டு மூன்றரை அடி எட்டியதும் உச்சியில் இரண்டு மூன்று அங்குலத்தைக் கிள்ளிவிட வேண்டும். உச்சி மொட்டு அனுப்பும் ஆக்சின் என்ற ஊக்கி கீழ்மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். உச்சி போனதும் அவை கிளைக்கும். கிளை கூடினால் அடுத்த ஆண்டு காய்க்கும் கணு கூடும். குளிர்கால முடிவில் அந்தப் பக்கக் கிளைகளை ஒன்றரை அடிக்குள் வெட்டிக் குறைத்தால் பழம் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெரிதாகும். தொங்கும் ரகங்களுக்கு மூன்றடி, ஐந்தடி உயரத்தில் இரண்டு கம்பி கட்டி அவற்றில் தண்டைப் படரவிட வேண்டும். மேல்கம்பியைத் தாண்டியதும் கிள்ளலாம். முள்ளில்லா வகை வைத்தவருக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் பழம் பறிக்கும்போது தெரிவதைவிட இந்த வேலையில்தான் தெரியும். முள்செடியைத் தோல் கையுறை போட்டும் ஒழுங்காகக் கட்ட முடியாது. அதனால் கவாத்து தள்ளிப் போகும். தள்ளிப் போன புதரில் காற்று நுழையாமல் பூஞ்சை சேரும்.

இந்த இரண்டாண்டுக் கணக்கிலும் ஒரு விலக்கு உண்டு. வர்ஜீனியாவில் கிடைத்த ஹில்குவிஸ்ட் என்ற பிளாக்பெரி முதலாண்டுத் தண்டின் நுனியிலேயே இலையுதிர் காலத்தில் பூத்துக் காய்த்தது. ஆர்க்கன்சாவில் அந்தப் பண்பை முள்ளின்மையோடு சேர்த்து 2013-இல் பிரைம்-ஆர்க் ஃப்ரீடம் என்ற வகையை வெளியிட்டார்கள். இதற்கு மட்டும் குளிர்காலத்தில் எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டலாம். புதுத் தண்டு அந்த ஆண்டே பழம் தரும்.

முதலாண்டுக் காய்ப்புக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. சாதாரண வகைகளின் மொட்டு உறக்கம் கலைய, ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் குறிப்பிட்ட மணிநேரம் கிடைக்க வேண்டும். அரபஹோவுக்கு நானூறு ஐந்நூறு மணிநேரம், நவஹோவுக்கு எண்ணூறுக்கு மேல். அது கிடைக்காவிட்டால் தண்டு வெறும் இலையோடு நிற்கும், அல்லது மொட்டுகள் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறக்கும். சென்னையிலோ மதுரையிலோ இந்தக் கணக்கு பூஜ்யம். முதலாண்டில் காய்க்கும் வகைக்கு அந்தக் குளிர் தேவையில்லை. ஆனால் பூக்கும் வேளையில் வெப்பம் 30 டிகிரியை ஒட்டிப் போனாலே அதன் பூ சரியாகக் காயாவதில்லை என்பதால் சமவெளிக்கு அதுவும் உதவாது. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் நிலைமை வேறு. மஞ்சள் பழம் தரும் ரூபஸ் எலிப்டிகஸ் உட்பட இதே பேரினத்துக் காட்டு இனங்கள் அங்கே தாமாகவே வளர்கின்றன, முள்ளோடு.

பழம் கறுத்ததும் பறித்துவிடுவது பொதுவான அவசரம். பிளாக்பெரிப் பழம் பல சிறு கனிகளின் திரள். ஒவ்வொரு மணியும் ஒரு தனிக் கனி. நடுவே அவை அமர்ந்திருக்கும் வெண்தண்டு பழத்தோடே வந்துவிடும். ராஸ்பெரியில் அது செடியிலேயே தங்கிவிடுவதால் பழம் உள்ளே குழிந்திருக்கும். மணிகள் பளபளவென்று கறுத்திருக்கும்போது சர்க்கரை இன்னும் ஏறி முடிந்திருக்காது. சில நாள் கழித்து பளபளப்பு மங்கி, லேசாக இழுத்ததும் கையோடு வரும்போதுதான் பழம் கனிந்திருக்கும். முள்ளில்லா பிளாக்பெரி புளிக்கும் என்ற கெட்ட பெயரில் பாதி, பளபளப்பிலேயே பறித்ததால் வந்தது. பறித்த பிறகு அது மேலும் இனிப்பதில்லை. காலைக் குளிர்ச்சியில் பறித்து, கழுவாமல், ஆழமில்லாத தட்டில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெயில் ஏறிய பிறகு பறித்து உடனே குளிரூட்டினால் சில மணிகள் திரும்பச் சிவப்பாகிவிடும். தின்னக் கெடுதல் இல்லை. செடியில் இருக்கும்போதே சில மணிகள் வெளுத்திருந்தால் அது கடும் வெயிலின் வேலை.

தாமதமாகப் பழுக்கும் முள்ளில்லா வகைகளுக்கு இப்போது பெரிய தொல்லை ஒரு சிறு ஈ. கிழக்காசியாவைச் சேர்ந்த டிரோசோஃபிலா சுசுகி, 2008-இல் கலிஃபோர்னியாவில் தென்பட்டு, சில ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் பரவியது. சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்தில்தான் முட்டையிடும். இதன் பெண் ஈக்கு முட்டையிடும் உறுப்பில் ரம்பம் போன்ற பற்கள் உண்டு. செடியில் பழுத்துவரும் நல்ல பழத்தின் தோலையே அறுத்து உள்ளே முட்டை வைத்துவிடும். கோடை ஏற ஏற அதன் தொகை பெருகுவதால், ஆகஸ்டில் பழுக்கும் செஸ்டருக்குச் சேதம் அதிகம், ஜூனில் பழுக்கும் நாச்செஸ் பெரும்பாலும் தப்பிவிடும். வீட்டுத் தோட்டத்தில் மருந்தடிப்பதைவிட, பூத்து முடிந்து காய் பிடித்ததும் ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையால் புதரை மூடி, ஓரிரு நாளுக்கு ஒருமுறை பழுத்ததையெல்லாம் பறித்து, கீழே விழுந்தவற்றைப் பொறுக்கி அகற்றுவது மேல். வலையை முன்பே போட்டுவிட்டால் தேனீக்களும் உள்ளே வர முடியாமல் போகும்.